லூசியம்மா படத்துல எத்தன கண்ணு?

ஒரு ஊர்ல ஒரு மீன்காரி இருந்தா, பேரு பிரகாசி. கடக்கர ஊரு. அவ கண்ணு ரெண்டும் பளிச் பளிச்சுன்னு இருக்கும். கேக்கியா?

ம்.

ஊர்த் தலைவர் மவன் தொம்மைக்கு வேல வெட்டி கெடையாது. அவ கூடையத் தூக்குனா போதும், சரக் சரக்குன்னு செருப்ப இழுத்துக்கிட்டு பின்னாலயே வருவான். ஒரு நா கையப் பிடிச்சு இழுத்துட்டான். அவ விட்டா ஒண்ணு, பளார்னு.

அப்புறம் ஊர்க்கூட்டம். தப்பு யாரு மேல? பிரகாசி மேலதானாம். அவ கண்ணுதான் அவன இழுத்துச்சாம். வெக்கங்கெட்ட ஞாயம். தலைவர் சொன்னாரு, "மூணு ஞாயித்துக்கெழம தவண. மாதா கோயில்ல இருக்க புனித லூசியம்மா படத்தத் தொட்டு, இனிமே குனிஞ்ச தல நிமிராம நடப்பேன்னு சத்தியம் பண்ணு. இல்லேன்னா எவனும் உனக்கு மீன் தரமாட்டான்."

மொத ஞாயிறு. கோயில்ல செபம் சொல்லிக் குடுக்குத உபதேசியார் படத்த எறக்கி வச்சாரு. லூசியம்மா கையில ஒரு தட்டு, தட்டுல ரெண்டு கண்ணு. "பாரு பிள்ள. ஒருத்தன் ஆசப்பட்டான்னு தன் கண்ணையே பிடுங்கிட்டா இந்தப் புண்ணியவதி. நீ தரையப் பாத்து நடந்தாப் போதும்." பிரகாசி தட்டத்தான் பாத்தா. "யோசிக்கணும்"னு வந்துட்டா.

ரெண்டாம் ஞாயிறு. தட்டுப் பிடிச்ச கையப் பாத்தா. அது நடுங்குத கையா இல்ல. பந்தியில சோறு வைக்குத மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. "இன்னும் யோசிக்கணும்"னா. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

மூணாம் ஞாயிறு. டாங் டாங்குன்னு மணி. கோயில் நெறைய சனம். முன்னால தொம்மை நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கான். அவ முட்டுக்கால் போட்டா. அப்போதான் லூசியம்மா மொகத்த நல்லாப் பாத்தா.

"உபதேசியாரே, தட்டுல எத்தன கண்ணு?"

"ரெண்டு."

"மொகத்துல?"

அவரு குனிஞ்சு பாத்தாரு. கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாத்தாரு. "ரெண்டு"ன்னாரு, மெதுவா.

"அப்போ பிடுங்குன பொறவு ஆண்டவர் புதுசா ரெண்டு கண்ணு குடுத்திருக்காரு. தரையப் பாக்கவா குடுத்தாரு? இவ நம்மள நேரா பாத்துக்கிட்டுல்லா இருக்கா. நானும் அப்படித்தான் பாப்பேன். மீன் தராட்டி போங்க."

எழும்புனா. தொம்மைய நேருக்கு நேரா பாத்தா. இமைக்கவே இல்ல. அவன்தான் தலையக் குனிஞ்சான்.

மறுநா ஆம்பளைங்க ஒருத்தரும் மீன் தரல. பொம்பளைங்க தந்தாங்க, அவங்கவங்க வீட்டுப் பங்குல இருந்து. ஆளுக்கு ஒண்ணு, சளப் சளப்புன்னு அவ கூடையில விழுந்துச்சு. மொத மீனு தலைவர் பொண்டாட்டி போட்டது.

கத அம்புட்டுதான் மக்கா. இப்போ கண்ண மூடு. எவன் சொல்லியும் மூடாத, தூக்கம் வருதுன்னு மூடு.