அஞ்சு ஆட்டமும் பார்த்தவர் யார்?

வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றது கல்லூரிக் கூடைப்பந்து அணி. பயிற்சியாளர் சேவியரை விரட்டச் சொல்லி ரசிகர்கள் அரங்க வாசலில் கூடிவிட்டார்கள்.

"முப்பது வருஷம் ஜெயிச்சுக் கொடுத்தவராச்சே" என்றார் ஒருவர்.

"அது பழைய கதை!" என்று அதட்டினார் ரசிகர் மன்றத் தலைவர் தணிகாசலம். துப்புரவு வேலை பார்க்கும் செங்கமலத்தின் பக்கம் திரும்பி, "அந்த ஆளை வெளியே வரச்சொல்லு" என்றார்.

"அஞ்சு ஆட்டத்தையும் பார்த்தவங்க ஒருத்தர் கூப்பிடட்டுங்கய்யா, கூட்டிட்டு வர்றேன்."

"எல்லாரும்தான் பார்த்தோம்!"

"கேலரியைக் கூட்டினது நான்தானுங்க. அஞ்சு நாளும் ஒரு கடலைத்தோல்கூடக் கிடைக்கலையே?"

ரசிகர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

செங்கமலம் உள்ளே ஓடினாள். சேவியர் ராஜினாமாக் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டாங்கய்யா! அதைக் கிழிச்சுப் போடுங்க."

"அவங்க திட்டினதுக்காக எழுதலம்மா" என்றார் சேவியர். "யாருமே வராததுக்காகத்தான் எழுதினேன்."