கொழுந்து டாக்டர் வளர்த்த கிருமி

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மெகருன்னிசாவைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். நாற்பது வயது டாக்டர். கையில் ரப்பர் உறை, முக்காட்டின் மேல் ஒரு ஆய்வகத் தொப்பி. நெல்லையில் ஒரு பெரிய மருத்துவமனையின் பின்பக்கம், கழிவுநீர்த் தொட்டியை ஒட்டி அவருடைய ஆய்வகம் இருந்தது. வேலையில்லாதவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வேலையிருந்தவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தார்கள்.

சீடரோ குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பேர் திருமலைக்கொழுந்து. எலும்பு முறிவு டாக்டர். அவர் வராந்தாவில் நடந்து வந்தால் நர்சுகள் பேச்சை நிறுத்துவார்கள், ஜூனியர்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் சிறிய டப்பா ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு ஆய்வக வாசலில் வந்து நின்றார்.

"என்ன சார் அது?"

"கிருமி."

"யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது."

"அவங்க எப்படி இருக்காங்க?"

"போன ஐப்பசியில போயிட்டா."

மெகர் டப்பாவை வாங்கி மேசைமேல் மெதுவாக வைத்தார்.

செண்பகவல்லிக்குச் சிறுநீரகத்தில் கல். கல்லை எடுத்தார்கள், காய்ச்சல் வந்தது. இருந்த ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிப் பார்த்தார்கள். கிருமி ஒன்றையும் சட்டை செய்யவில்லை. ஊரார் எலும்பையெல்லாம் ஒட்டவைத்த மனிதர், சொந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தச் சும்மா உட்கார்ந்திருந்ததை அவரால் மறக்க முடியவில்லை.

"இதைக் கொல்ல ஒரு மருந்து வேணும். கிருமியைத் தின்கிற கிருமியை நீங்க தேடுறதாச் சொன்னாங்க."

"ஆமா. ஃபேஜ்னு பேரு. கிருமிக்கே நோய் குடுக்கிறது."

"எனக்குச் சொல்லித் தாங்க."

"போயிட்டவங்க கிருமிக்கு மருந்து கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறீங்க?"

கொழுந்துவுக்குக் கோபம் வந்தது. டப்பாவைத் திரும்ப எடுக்கப் போனார்.

"நாளைக்கு ஒரு வாளியோட வாங்க" என்றார் மெகர்.

அந்த ஆய்வகத்தில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. எந்தக் கிருமியாக இருந்தாலும் முதலில் டீப் ஃப்ரீசரில் உறையவைக்க வேண்டும். வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த உறைந்ததிலிருந்துதான் துளி எடுத்து வளர்க்க வேண்டும். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே போகக் கூடாது. மெகர் தன் கையாலேயே செண்பகவல்லியின் கிருமியைக் குழாயில் போட்டு உறையவைத்தார். கொழுந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆனால் ஃப்ரீசர் கதவைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை செண்பகவல்லியை வீட்டுக் கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கண்ணாடி மூடியில் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு முகம் தெரியாமல் போயிற்று. கொழுந்து துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். தெளியவே இல்லை, நீர் கோத்திருந்தது உள்பக்கம்.

அதனால் அவர் திருட்டுத்தனமாக ஒரு காரியம் செய்தார். ஒரு தட்டில் வளர்ந்ததை எடுத்து அடுத்த தட்டில் இட்டார். அதிலிருந்து அதற்கடுத்த தட்டில். மனித உடம்பின் சூட்டில் இருக்கும் இன்குபேட்டருக்குள் அதை வைத்துப் பார்த்துக்கொண்டார். காலையில் வந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பார். கொன்ற கிருமிதான், தெரியாமலா இருக்கிறது? ஆனாலும் அவள் இரத்தத்தில் ஓடிய ஒன்று இந்த உலகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால் அது இதுதானே. மனம் அவளுக்காக ஏங்கும்போதெல்லாம் இன்குபேட்டரின் கதவைத் திறந்து நின்றார். சில நாள் பேசவும் செய்தார். மழை வரும்போலிருக்கிறது, மகன் போன் செய்தான், இப்படி ஏதாவது.

மருந்து தேடுவதிலும் முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பாபநாசத்துக்குப் போய், ஆறு மலையிறங்கும் இடத்தில் பளிங்குத் தண்ணீராகக் கேன் கேனாகப் பிடித்துவந்தார். வாளிக்கு அவர் மனம் ஒப்பவில்லை.

மெகர் கேனைத் திறந்து பார்த்தார். "நல்ல தண்ணி. குடிக்கலாம்."

"இதுல ஃபேஜ் இருக்காதா?"

"பசிச்சவன் எங்க சார் போய் நிப்பான்?"

"சோறு இருக்கிற எடத்துல."

மெகர் வாளியை எடுத்து நீட்டினார். கொழுந்து அதை வாங்கிக்கொண்டு கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் நடந்தார். அன்றிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார ஆட்கள் யோசித்தார்கள்.

வேலை என்னவோ எளிதுதான். கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பினால் மறுநாள் பாலாடை விரித்ததுபோல வளர்ந்து நிற்கும். அழுக்குத் தண்ணீரை வடிகட்டி அதன்மேல் சொட்டுவிட வேண்டும். தின்கிற ஆள் உள்ளே இருந்தால் பாலாடையில் ஓட்டை விழும். மாதக்கணக்கில் கொழுந்துவின் தட்டில் ஓட்டை விழவில்லை. ஒரு ஆனி மாதத்துக் காலையில் விழுந்தது. ஒன்றிரண்டல்ல, சல்லடையாக. அவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி பிள்ளை பெற்றவர்போல நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் எலும்பு முறிவு வார்டில் இசக்கிராஜ் கிடந்தான். லாரி ஓட்டுகிறவன். உடைந்த காலில் வைத்த கம்பியைச் சுற்றிச் சீழ் பிடித்து, கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. செண்பகவல்லியைக் கொன்ற அதே வகை என்று பரிசோதனை சொன்னது. அவனுக்கும் ஒரு மருந்தும் கேட்கவில்லை. கையில் மிஞ்சியிருந்த நாட்கள் கொஞ்சம்தான் என்பது வார்டில் அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கொழுந்து நேரே அவன் கட்டிலுக்குப் போனார்.

"ஐயா, எனக்கு மருந்து கெடச்சிட்டாமே?"

"கெடச்சிருச்சுப்பா."

"பொழச்சிருவனா?"

"பொழச்சிருவ" என்றார் கொழுந்து. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த ஒரு சொல்லைச் செண்பகவல்லி கேட்டபோது சொல்ல முடியாமல் போனவர் அவர்.

மறுநாள் இசக்கிராஜின் கிருமியைத் தட்டில் பரப்பி, தன் ஃபேஜைச் சொட்டுவிட்டார். அதற்கடுத்த நாள் தட்டைத் திறந்தால் பாலாடை முழுசாக இருந்தது. ஊசி குத்தின அளவுக்குக்கூட ஓட்டை இல்லை. மறுபடி செய்தார். அப்போதும் பாச்சா பலிக்கவில்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு மெகரிடம் ஓடினார்.

"ரெண்டும் ஒரே கிருமி. அதுல விழுகிற ஓட்டை இதுல ஏன் மேடம் விழல?"

மெகர் எழுந்து போய் ஃப்ரீசரைத் திறந்து, செண்பகவல்லியின் பேர் எழுதிய குழாயிலிருந்து ஒரு துளி எடுத்துப் புதிய தட்டில் இட்டார்.

"நாளைக்கு வாங்க."

மறுநாள் காலையில் மேசைமேல் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று கொழுந்து வளர்த்தது. இன்னொன்று உறைந்து கிடந்து நேற்று எழுந்தது. மெகர் மெல்லிய கம்பியைக் கொழுந்துவின் தட்டில் தொட்டு மேலே தூக்கினார். கம்பி சுத்தமாக மேலே வந்தது. வேறொரு கம்பியை மற்றத் தட்டில் தொட்டுத் தூக்கினார். பாகு பதத்தில் கம்பி இழுப்பதுபோல ஒரு நூல் கூடவே எழுந்து வந்தது. அறாமல் நீண்டது.

"இசக்கிராஜோடதும் இப்படித்தான் நூலு விடுது. நேத்தே பாத்தேன்."

கொழுந்து அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னது?"

"அவங்களைக் கொன்னது."

"அப்ப இது?"

"நீங்க வளத்தது."

கொழுந்து நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நான் என்ன செஞ்சேன் அதை?"

"ஒண்ணும் செய்யல. நல்லா வச்சிருந்தீங்க. சூடு இருக்கு, சாப்பாடு இருக்கு, சண்டைக்கு வர ஆளு இல்ல. அந்த நூலு விடுற பசைதான் அதுக்குச் சட்டை. எதுக்குச் சட்டைன்னு கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருச்சு. உங்க ஃபேஜும் சட்டை போடாததைத்தான் திங்கும்."

"நான் ஃப்ரீசரைத் தொறக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க அதுகிட்டப் பேசிட்டு இருந்தீங்க. இசக்கிராஜ் வரதுக்கு முன்னாடி அது உங்க சொந்த விஷயம்."

இத்தனை நாளும் கொழுந்து கதவைத் திறந்து பார்த்தது செண்பகவல்லியையும் இல்லை, அவளைக் கொன்றதையும் இல்லை. நடுவில் எதுவோ ஒன்றுக்கு மழை வருகிற சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சிரிப்பு வரும்போல இருந்தது, வந்ததென்னவோ அது இல்லை.

"பொழச்சிருவன்னு அவன்கிட்டச் சொல்லிட்டேன் மேடம்."

"அப்ப இங்க என்ன உக்காந்திருக்கீங்க?"

மெகர் ஒரு வாளியை எடுத்துக்கொண்டார், அவர் ஒன்றை எடுத்துக்கொண்டார். எலும்பு முறிவு வார்டின் பின்னால், குளியலறைத் தண்ணீர் விழுகிற இடத்தில் சிமெண்டு மூடி இருந்தது. இருவரும் சேர்ந்து அதை நகர்த்தினார்கள். ஒரு காலத்தில் அந்த வார்டில் ராஜநடை போட்டவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சத்தமிடும் முழங்காலோடு அந்தக் குழிக்குள் கையை விட்டார். மேலே ஜன்னலில் இரண்டு நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவருக்கு.

இந்த முறை அவர் இசக்கிராஜின் கிருமியைத்தான் பரப்பினார். ஒவ்வொரு முறையும் ஃப்ரீசரைத் திறந்து உறைந்ததிலிருந்துதான் எடுத்தார். வெறும் கையில் குளிர் ஏறி விரல் மரத்துப்போகும், இன்னொரு கையால் தேய்த்துக்கொள்வார். இசக்கிராஜுக்குக் காய்ச்சல் ஏறி ஏறி இறங்கியது. ஆள் கண்முன்னே பாதியாகிப்போனான். "ஐயா, நாளைக்கா?" என்று கேட்பான். "நாளைக்கு" என்பார். வெளியே வந்து சுவரில் கையை ஊன்றிக்கொள்வார்.

அவன் வார்டின் தண்ணீரிலேயே இருந்தது, சட்டையையும் சேர்த்துத் தின்கிற ஃபேஜ். தட்டில் பெரிய பெரிய ஓட்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றி, சட்டை கரைந்த தடமாக, மங்கலாக ஒரு வளையம். மெகர் அதைப் பெருக்கி, சுத்தம் செய்து, வேண்டிய அனுமதிகளை அதிகாரிகள் வாசலில் நின்று வாங்கிவந்தார். மருந்தை இசக்கிராஜின் காலிலும் இரத்தத்திலும் செலுத்தினார்கள். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. காய்ச்சல் போக்குக் காட்டியது. பிறகு ஒரு காலையில் அவன் நர்சைக் கூப்பிட்டு, இட்லிக்கு என்ன சட்னி என்று கேட்டான்.

வார்டே கொழுந்துவின் கையைப் பிடித்துக் குலுக்கியது. அவர் எல்லோருக்கும் சிரித்தார். அப்புறம் தனியாக ஆய்வகத்துக்கு வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இந்த மருந்து அவளுக்குக் கேட்டிருக்குமா?"

மெகர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு ஃப்ரீசர் பக்கம் கையைக் காட்டினார்.

கொழுந்து செண்பகவல்லியின் குழாயைத் தானே எடுத்தார். தானே பரப்பினார். இசக்கிராஜைப் பிழைக்கவைத்த மருந்தைத் தன் கையாலேயே சொட்டுவிட்டார். மறுநாள் தட்டு தயாராகியிருந்தது. இன்குபேட்டரில் வழக்கம்போலக் கவிழ்த்து வைத்திருந்த அதை எடுத்தவருக்குத் திருப்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தலைகீழாகவே ஏந்திக்கொண்டு வந்து மெகரிடம் நீட்டினார்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க."

மெகர் வாங்கினார். பார்க்கவில்லை. தட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"சார், ஓட்டை விழுந்திருந்தா என்ன செய்வீங்க?"

"அழுவேன்."

"விழலைன்னா?"

வெளியே தொட்டியின் மோட்டார் ஓடி நின்றது.

"அப்பவும் அழுவேன்."

மெகர் தட்டை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். வாளியை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றார்.

"உக்காந்து அழுங்க. நான் வெளியதான் நிக்குதேன். முடிச்சிட்டு வாங்க சார், பிரசவ வார்டுல ஒரு பொண்ணுக்கு நேத்துலேருந்து காய்ச்சல்."