பட்டிக்குள் ஒளிந்த எட்டு போல்ட்

கிட்ட வந்து உட்காருங்கள். கதை சின்னது. தள்ளி உட்கார்ந்தால் பாதி காற்றோடு போய்விடும்.

"அம்மிணி, அடுத்த வீட்டை நான் தனியாகக் கட்டட்டுமா?"

கேட்டவர் சடையப்பன். நாற்பது வருஷம் கொத்தனார். அறுபது வயதில் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, பூங்கொடியிடம் தொழில் கற்க வந்தவர்.

பூங்கொடிக்கு முப்பத்திரண்டு. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வளர்ந்த கை. கழித்துப்போட்ட பஸ்ஸின் தகரம், ஜன்னல், சீட்டுப் பலகை, இதுகளை வைத்தே வீடு எழுப்பிவிடுவாள். நாலு கால் கூரையைத் தாங்கும். சுவரெல்லாம் ஒரே அளவில் தனித்தனிச் சட்டம். சுவருக்கு நாலு போல்ட். வேண்டாத பொருள் ஒன்றுகூட உள்ளே நுழையாது.

ஒருத்தரின் வேலையைப் பார்த்து அவள் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால்தான், அப்படி வீடு கட்ட அவரை ஊரில் கூப்பிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சடையப்பன் ஆறு மாதமாக அவள் பின்னால் நடக்கிறார்.

"முதல்ல உங்க வீட்டைப் பார்க்கலாங்ணா" என்றாள்.

அவர் தனக்கென்று கட்டி, மனைவி ராமாத்தாளோடு குடிபோய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

பூங்கொடி வீட்டைச் சுற்றி வந்தாள். சுவரைத் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"ஒரு போல்ட் தலை தெரியுதா பாருங்க!" என்றார் சடையப்பன். "இணைப்பு பூரா பட்டி பூசி, உப்புத்தாள் தேய்ச்சு, ரெண்டு கை பெயிண்ட். சந்து தெரிய வேலை செஞ்சா அவனெல்லாம் கொத்தனாரா?"

பூங்கொடி அடுப்படியில் இருந்த ராமாத்தாளை எட்டிப் பார்த்தாள்.

"வீடு எப்படி இருக்குதுங்க அக்கா?"

"வீடு தங்கந்தான் கண்ணு. மூணு மணியானா மேக்கு வெயில் ஜன்னல் வழியா மூஞ்சியில அடிக்குது. ஷட்டரை இறக்கினா ஒரே புகை. வேகறது சோறா நானான்னு தெரியலை."

"அவ்வளவுதானா? ஜன்னல் சுவரை வடக்கே மாத்திட்டு, வடக்குச் சுவரை இங்க மாட்டினாப் போச்சு. ரெண்டு சுவர், எட்டு போல்ட். நான் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள அண்ணன் கழட்டிருவார்."

சடையப்பன் ஸ்பேனரோடு சுவர் முன்னால் போய் நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார்.

விரல் முட்டியால் தட்டினார். இங்கே டொக். அங்கேயும் டொக். காதை வைத்துக் கேட்டார்.

"சுவருக்குக் காய்ச்சலா?" என்றாள் ராமாத்தாள்.

"சும்மா இரு புள்ளை."

"ஏனுங்க, நீங்க பூசினதுதானே? உங்களுக்கே தெரியலையா?"

பூங்கொடியின் டீ தீர்ந்தது. ராமாத்தாள் இன்னொரு தம்ளர் கொடுத்தாள். அதுவும் தீர்ந்தது.

சடையப்பன் உளியை எடுத்தார். கை நோக இழைத்த பூச்சை அதே கையால் கொத்தினார். ஒன்று அகப்பட்டது. அடுத்ததற்கு நாலு இடத்தில் கொத்த வேண்டியிருந்தது.

எட்டாவது அகப்பட்டபோது மணி ஐந்து. சுவர் இரண்டும் அம்மை வார்த்த முகம்போல் நின்றன. அப்புறம் சுவரை மாற்றி மாட்ட அரை மணிகூட ஆகவில்லை.

ராமாத்தாள் அடுப்பு முன்னால் போய் நின்று பார்த்தாள். வெயில் இல்லை. காற்று வந்தது.

"இது வீடு" என்றாள்.

சடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். தரையைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப, அடுத்த வீடு எனக்கில்லையா அம்மிணி?"

மூலையில் ஒரு வாளி. அதில் பாதிக்குப் பட்டி மாவு.

"இது எதுக்குங்ணா மிச்சம் வெச்சிருக்கீங்க?"

"அது அடுத்த வீட்டுக்கு..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பூங்கொடி வாளியைத் தூக்கிப்போய், வாசல் பாதையில் இருந்த குழியில் மாவைக் கொட்டி மிதித்தாள். வாளியைத் தட்டினாள். தன் பைக்குள் கைவிட்டு இரண்டு கை போல்ட் அள்ளி அதில் போட்டாள். வாசலில் நின்ற அவர் வண்டி ஹேண்டில்பாரில் மாட்டி, "இது அடுத்த வீட்டுக்குங்ணா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.