மைனா கொண்டுவந்த பேச்சு

கோடை வந்தால் அந்தக் காட்டாறு வெறும் மணல். காட்டுப்பன்றிகள் மூக்கால் தோண்டும். ஊற்று கசியும். தலை குழிக்குள் இருக்கும்போது பன்றிக்கு வெளியே நடப்பது தெரியாது. அதனால் புள்ளிமான்கள் பின்னால் நின்று, சிறுத்தை வருகிறதா என்று பார்க்கும். பிறகு இரண்டு கூட்டமும் குடிக்கும். இரவில் மணல் சரிந்து குழி மூடிவிடும். காலையில் மறுபடியும் அதே வேலை. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

அப்போதுதான் ஒரு மைனா வந்தது. டீக்கடைக் கூண்டில் வளர்ந்து, கதவு திறந்திருந்த நேரம் பார்த்துப் பறந்து வந்த மைனா. கடையில் ஒருவர் தினமும் பேப்பரை உரக்கப் படிப்பார். மைனாவுக்கு அத்தனையும் மனப்பாடம்.

“மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள்?” என்று கேட்டன விலங்குகள்.

“வெங்காய விலை ஏறினால் மக்கள் மீது தாக்குதல்! கேள்வி கேட்டால் கணை தொடுத்தார்! பதில் சொன்னால் பதிலடி! ஓட்டுக் கேட்கப் போனால் அது வேட்டை!”

“அப்புறம் நிஜமாகவே அடித்துக்கொள்வார்களா?” என்றது மொட்டைவால், பன்றிகளில் மூத்தது.

“சேச்சே! பேப்பரை மடித்துவிட்டு டீ குடிப்பார்கள்.”

விலங்குகளுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. மடிப்பதற்குத்தான் அவற்றிடம் பேப்பர் இல்லை.

முன்பு, “கொஞ்சம் தள்ளிக்கோ அண்ணே” என்று மான் சொல்லும். பன்றி தள்ளிக்கொள்ளும். இப்போது தள்ளிக்கொள்வதற்குப் பெயர் பின்வாங்குவது. யார் பின்வாங்குவார்கள்?

ஒரு காலை மொட்டைவால் குழியிலிருந்து தலையைத் தூக்கியது.

“என்ன அங்கே வேவு பார்க்கிறாய்?”

“வேவா? தினமும் நிற்கிற இடம்தானே அண்ணே!” என்றது செவலை. குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்மான் அது.

“எங்கள் முதுகுக்குப் பின்னால் படை திரட்டுகிறீர்கள். இனிமேல் தோண்ட மாட்டோம்!”

“நாங்களும் காவல் நிற்க மாட்டோம்! இது எங்கள் பதிலடி!” என்று துள்ளியது ஓர் இளம் ஆண்மான்.

“சபாஷ்! அனல் பறக்கிறது!” என்றது மைனா.

பன்றிகள் இந்தக் கரையில் படுத்தன. மான்கள் அந்தக் கரையில் படுத்தன. நடுவில் குழி மூடிப்போயிற்று. காவல் இல்லாமல் தலையைக் குழிக்குள் விடப் பன்றிகளுக்குப் பயம். மான்களின் குளம்புக்கு ஊற்று எட்டவில்லை. மைனா மட்டும் டீக்கடைக் குழாய் வரை பறந்து போய்க் குடித்துவிட்டு வந்தது.

செவலைக்குப் பால் வற்றியது. குட்டி முட்டிப் பார்த்தது, பிறகு படுத்துக்கொண்டது. செவலை சிறிது நேரம் அதையே பார்த்தது. பிறகு எழுந்து மணலில் இறங்கியது.

“அக்கா, பின்வாங்காதே! நம் மானம் என்ன ஆகும்?” என்றது ஆண்மான்.

“அதை நீயே பத்திரமாக வைத்துக்கோ.”

எதிர்க்கரையில் பன்றிகள் எழுந்து நின்றன.

“அண்ணே, நான் தோற்றுவிட்டேன்” என்றது செவலை.

“எதில்?”

“எதிலோ. நீங்களே ஒன்று சொல்லுங்கள், அதில் தோற்றுவிட்டேன். குட்டி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கொஞ்சம் தோண்டுங்கள். நான் காவல் நிற்கிறேன்.”

“வெற்றி! எதிரி சரண்!” என்று மைனா கத்தியது.

“வாயை மூடு” என்றது மொட்டைவால். அதன் நாக்கும் வறண்டிருந்தது.

அது தோண்டத் தொடங்கியது. ஊற்று ஆழத்துக்குப் போயிருந்தது. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் மண்நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. மொட்டைவாலின் மூக்கு கிழிந்து ரத்தம் வந்தது.

“முதலில் குட்டியைக் கூட்டி வா” என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றது.

குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடியும் எழுந்தது. தாயின் மேல் சாய்ந்து சாய்ந்து வந்து குடித்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் வந்து குடித்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வழிவிடுவதைத் தோல்வி என்று பேசிப் பழகியவர்கள், ஒரு வாய்த் தண்ணீருக்கும் தோற்றுத்தான் ஆக வேண்டும்.