ஒற்றை ஆள் உலை

மனைவி இறந்துபோன பிறகு ஞானாபரணத்துக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர் பைபிளம்மா கிருபைமணி. வீடு வீடாகப் போய் வேதம் வாசிப்பது அவருடைய ஊழியம். வயதில் ஞானாபரணத்துக்கு ரொம்பவே இளையவர். ஆனாலும் ரிட்டயரான பெரிய மனிதர், அவர் முன்னால் கைகட்டித்தான் உட்காருவார்.

அந்தச் சபையில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம். சோறு பொங்க அரிசி அளந்ததும், அதில் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போய்க் கூடையில் சேரும். இல்லாத வீடுகளுக்கும் பைபிளம்மா வீட்டுக்கும் அதில்தான் சாப்பாடு.

ஞானாபரணம் வீட்டுக் கலயம் காலியாகவே கிடந்தது. மனிதர் சமையலையே விட்டுவிட்டார். டீக்கடை பன்னைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். ஆள் பாதியாகிவிட்டார். ஆனாலும் மனசாட்சி சும்மா இருக்கவிடவில்லை. ஒரு மூட்டை அரிசியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பைபிளம்மா வீட்டில் வந்து இறங்கினார்.

"ஒரு வருஷத்துக் கைப்பிடியும் இதுல இருக்கு. இனிமே என்கிட்ட கேக்காதீங்கம்மா."

"சந்தோஷம் அண்ணாச்சி. கூடையில சேத்துருவோம். ஏன் கேக்கக் கூடாது?"

"ஒத்த ஆளுக்கு உலை வைக்க என்னால முடியல. அடுப்பப் பத்தவச்சா அழுகையா வருது."

பைபிளம்மா சமைக்கிற நேரம் அது. சபை கொடுத்த அரிசியில் ஒரு டம்ளர் அளந்தார். அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, மூலையில் இருந்த கலயத்தில் போட்டார்.

ஞானாபரணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்தே மாதக்கணக்காகியிருந்தது.

"என்னம்மா இது? கூடையில இருந்து வந்த அரிசி. அத அள்ளிக் கூடைக்கே அனுப்புதீங்க?"

"ஆமா."

"வயித்துக்கே பத்தாது, அதுல ஒரு பிடியா? ஐயாயிரம் பேருக்குப் பந்தி வச்சவரும்மா நம்ம ஆண்டவரு. உங்க பிடி இல்லாமத்தான் அவருக்குக் குறையுதா?"

"அன்னைக்கும் அவரு ஒரு பையன்கிட்ட இருந்த அஞ்சு அப்பத்த வாங்கித்தான் பந்தி வச்சாரு."

"அது சரி. நீங்க வாங்குற ஆளாச்சே. உங்கள யாரு கேக்கப்போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

"பின்னே?"

பைபிளம்மா மீதி அரிசியைக் களைந்து உலையில் போட்டார். பானையை மூடிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டில் ஒரு தட்டும் ஒரு பாயும்தான் இருந்தன. இத்தனை நாள் வந்துபோயும் ஞானாபரணம் அதைக் கவனித்ததில்லை.

"இந்த வீட்டுக்கு நான் தனியா வந்து இருவது வருஷமாச்சு. ஆனா, இந்த ஒரு பிடிய எடுத்து வைக்கப் பழகுனதுல இருந்து, ஒத்த ஆளுக்குன்னு ஒரு நாளும் உலை வச்சதில்ல அண்ணாச்சி."