உக்காருங்க, கிளம்புங்க!

எல்லாரும் வந்தாச்சா? அந்தக் கதவைச் சாத்துங்க, காத்து வருது. கதைக்குள்ள வரப்போற காத்தே போதும் நமக்கு.

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால, ருஷ்ய தேசத்துல, வருஷத்துல பாதி நாள் பனி மூடிக் கெடக்கிற ஒரு கிராமம். அங்க மூக்கை வெளிய நீட்டினா மூக்கு செவக்கும். ரெண்டாவது தடவை நீட்டினா வெளுக்கும். மூணாவது தடவை நீட்டுறதுக்கு மூக்கு இருக்காது.

அந்த ஊர்ல தெரெந்தின்னு ஒரு பணக்காரன். கொட்டகை நெறைய விறகு, நெலவறை நெறைய முட்டைக்கோஸ், மூட்டை மூட்டையா மாவு. ஆள் ஏறிப் படுக்கிற அளவுக்குப் பெரிய செங்கல் அடுப்பு. ஊர்லயே ஒரே ஒரு மொகம் பாக்குற கண்ணாடி, அதுவும் அவன் வீட்டுலதான். ஆனா கஞ்சன்னா கஞ்சன், அப்படி ஒரு கஞ்சன். குளிர்ல மூச்சு விட்டா வாயிலேருந்து ஆவி வரும்ல, அது வீணாப் போகுதேன்னு திருப்பி இழுத்துக்குவான்.

அவன் பொண்டாட்டி பேரு உலீத்தா. முட்டைக்கோஸ் வெச்சு ரொட்டிப் பணியாரம் சுட்டான்னா தெருக் கோடி வரைக்கும் வாசனை போகும். வாசனை மட்டுந்தான் போகும். இருவது வருஷமா அவ சுட்டதை வெளியாள் ஒருத்தர்கூட வாயில வெச்சதில்லை. "நல்லா இருக்கு உலீத்தா"ன்னு ஒரு வார்த்தை கேக்க அவ காது ஏங்கிக் கெடந்துச்சு. புருஷன் சொல்ல மாட்டானான்னு கேக்குறீங்களா? சொல்ல மாட்டான். பாராட்டினா இன்னொண்ணு சுட்டுருவாளோன்னு பயம்!

இப்ப அந்த ஊர் வழக்கம் மூணு சொல்றேன், கேட்டுக்கோங்க.

ஒண்ணு. வாசப்படி மேல நின்னு பேசக்கூடாது, எதையும் குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அப்படிச் செஞ்சா சண்டை வரும். ஒண்ணு முழுசா உள்ள வா, இல்ல முழுசா வெளிய நில்லு.

ரெண்டு. விருந்தாளி வந்தா, பூப்போட்ட துண்டுல ஒரு உருண்டை ரொட்டியும் அது மேல உப்புக் கிண்ணமும் வெச்சு நீட்டணும். வந்தவங்க ஒரு துண்டு பிச்சு உப்புல தொட்டுத் தின்னுட்டா, அவங்க அந்த வீட்டு மனுஷங்க. அவங்களாக் கெளம்புற வரைக்கும் யாரும் அனுப்ப முடியாது.

மூணு. பயணம் கெளம்புறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாரும் பேசாம கொஞ்ச நேரம் உக்காரணும். இருக்கறதுலயே மூத்தவங்க மொதல்ல எந்திரிக்கணும். அப்புறம் கெளம்பிரணும்.

தெரெந்தி இந்த மூணுலயும் ஒண்ணைக்கூட மீற மாட்டான். மீறினா ஊரு காறித் துப்பும். அதனால என்ன பண்ணினான்? ரெண்டாவதைத் தாண்டிக் குதிச்சு, நேரா மூணாவதுக்குப் போயிட்டான்!

யாராவது கதவைத் தட்டுவாங்க. தெரெந்தி பல்லு அத்தனையும் காட்டி, "வாங்க, வாங்க, வாசப்படில நிக்காதீங்க! ரொட்டி அடுப்புல வேகுது. மொதல்ல உக்காருங்க"ம்பான். பாவம், அவங்க உக்காருவாங்க. இவனும் பக்கத்துல உக்காருவான். பேச மாட்டான். அவங்க வாயைத் தெறந்தா உதட்டு மேல விரலை வெப்பான். மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுவான். அப்புறம் டக்குன்னு எந்திரிச்சு, "ஆச்சு! பயணத்துக்கு உக்காந்தாச்சு! கிளம்புங்க, வழி நல்லா இருக்கட்டும்!"

அவ்வளவுதான். உக்காந்தாச்சுன்னா கெளம்பித்தானே ஆகணும்? வழக்கமாச்சே! வந்தவங்க தொப்பியைக்கூட கழட்டாம வெளிய நிப்பாங்க. உள்ள பணியார வாசனை. வெளிய பனி.

இப்படி ஒரு பண்டாரத்தை அனுப்பினான். ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற ஒரு தகரக்காரனை அனுப்பினான். சொந்த மச்சானையே அனுப்பினான்.

ஒரு நாள் பட்டப்பகல்ல வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஊஊஊன்னு காத்து. பனி மேலேருந்தும் விழுது, கீழேருந்தும் எந்திரிக்குது. அந்த நேரம் பார்த்து மாவ்ரான்னு ஒரு மருத்துவச்சி, பக்கத்து ஊர்ல ரெட்டைப் புள்ளைங்களை வெளிய எடுத்துட்டு, கெழட்டுக் குதிரை பூட்டின சறுக்கு வண்டியில வீட்டுக்குத் திரும்பிட்டிருந்தா. அவ ஊருக்கு இன்னும் அரை நாள் பயணம். குதிரை புருவத்துல பனி. மாவ்ரா புருவத்துலயும் பனி. இதுக்கு மேல ஒரு கல் தூரம் போனாக்கூட ரெண்டு பேரும் வெறைச்சுப் போவாங்கன்னு அவளுக்குத் தெரியும். மொதல்ல தெரிஞ்ச வெளிச்சம் தெரெந்தி வீடு. தட்டினா.

"வாங்கம்மா, வாங்க! வாசப்படில நிக்காதீங்க! ரொட்டி வேகுது. மொதல்ல உக்காருங்க!"

மாவ்ரா உக்காந்தா. ஒண்ணு. ரெண்டு. மூணு. தெரெந்தி எந்திரிக்கப் போனான்.

மாவ்ரா அவன் சட்டையைப் புடிச்சுக் கீழ இழுத்தா. விரலால தன்னைக் காட்டினா, அவனைக் காட்டினா, அப்புறம் மூணு விரலை நீட்டினா. அதாவது, "நான் உன்னைவிட மூணு வயசு மூத்தவ. நான்தானே மொதல்ல எந்திரிக்கணும்?"

தெரெந்திக்கு மொகம் பீட்ரூட் மாதிரி ஆச்சு. பேச முடியாது, வழக்கம்! எந்திரிக்க முடியாது, வழக்கம்! மாவ்ரா அடுப்புப் பக்கம் காலை நீட்டி, கட்டைவிரல் சூடாகுற வரைக்கும் உக்காந்துட்டு, மெதுவா எந்திரிச்சா.

"சரிங்கய்யா, வரேன்"னு வெளிய போனா.

தெரெந்தி பெருமூச்சு விட்டான். அதையும் திருப்பி இழுத்துக்கிட்டான்.

டொக் டொக்.

"யாரு?"

"நான்தாங்கய்யா. கையுறையை மறந்துட்டேன்."

அட, மூணு வழக்கம்னு சொன்னேன்ல? நாலாவது ஒண்ணு இருக்கு. தெரெந்தி அதை மறந்துட்டான். நானும் உங்ககிட்ட மறந்த மாதிரி நடிச்சேன். அது என்னன்னா, கெளம்பின ஆளு மறந்த பொருளுக்காகத் திரும்பி வந்தா வழியில கெட்டது நடக்கும். அதுக்கு மாத்து, கண்ணாடியில மொகத்தைப் பார்த்து நாக்கை நீட்டணும். அப்புறம், திரும்பவும் மொதல்லேருந்து… உக்காரணும்!

மாவ்ரா நேராக் கண்ணாடி முன்னாடி போனா. "ப்ளே!" இம்மாம் நீள நாக்கு. கண்ணாடியில அவளுக்குப் பின்னாடி தெரெந்தி மொகம் தெரிஞ்சுது. நாக்கு யாருக்குன்னு சொல்றது கஷ்டம். அப்புறம் உக்காந்தா. இந்தத் தடவை முழங்கால் சூடாகுற வரைக்கும். அவ வயிறு மட்டும் கர்ர்ர்ர்னு பேசுச்சு. வயிறு பேசக்கூடாதுன்னு வழக்கம் இல்ல. அடுப்பு பக்கம் திரும்பி நின்ன உலீத்தாவுக்குத் தோள் ரெண்டும் குலுங்குது. சிரிக்கிறாளா, அழறாளா?

போனா. டொக் டொக்.

"யாரு!"

"நான்தாங்கய்யா. கழுத்துத் துணி."

கண்ணாடி. ப்ளே! உக்காந்தா. இந்தத் தடவை இடுப்பு வரைக்கும் சூடு. ஒவ்வொரு தடவையும் கதவு தெறக்க, வீட்டுக்குள்ள இருந்த கதகதப்பெல்லாம் கும்பலா வெளிய ஓடுது. தெரெந்தி மனசுக்குள்ள விறகுக் கட்டையா எண்ணுறான். ஒரு கட்டை போச்சு. ரெண்டு கட்டை போச்சு. அவ என்னடான்னா கண்ணை மூடி உக்காந்திருக்கா. புள்ளை பொறக்குற வரைக்கும் ராப்பகலாக் காத்திருந்து பழகினவ. அவகிட்ட போயி பொறுமையில போட்டி போட முடியுமா?

ஒரு வழியா எந்திரிச்சுப் போனா. தெரெந்தி கதவைச் சாத்தினதும், இன்னும் எதை விட்டுட்டுப் போனாளோன்னு தரையில தவழ்ந்து தேடினான். பெஞ்சுக்கு அடியில பார்த்தா, அவளோட மருந்துப் பை!

"அடியே உலீத்தா! இதுக்காக வருவா! வந்தா நாளைக்கு வரைக்கும் உக்காருவா!"

பையைத் தூக்கினான். குடுத்துரலாம். ஆனா வாசப்படியில வெச்சுக் குடுக்கக்கூடாதே? முழுசா வெளிய போகணும். மேல்கோட்டு இல்ல, தொப்பி இல்ல, வெறும் சட்டையோட, வீட்டுச் செருப்போட ஓடினான். சறுக்கு வண்டிகிட்ட போனா, வண்டி இருக்கு, குதிரை இல்ல. ஆளும் இல்ல. குதிரையை தெரெந்தியோட மாட்டுக் கொட்டகையில கட்டிட்டு, அந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டு, மாவ்ரா வீட்டுக்குள்ள நுழைஞ்சுட்டா.

"அய்யோ, பையை மறந்துட்டேனே!"ன்னு அவ சொன்னது தெரெந்தி காதுல விழுந்துச்சு. அதுக்கு அடுத்தாப்ல இன்னொரு சத்தம்.

டடக்!

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கட்டை விழுந்த சத்தம். போட்டது மாவ்ரா இல்ல. உலீத்தா!

இருவது வருஷத்துல மொதல் தடவையா உலீத்தா பூப்போட்ட துண்டை எடுத்தா. உருண்டை ரொட்டி, அது மேல உப்பு. "எடுத்துக்கோங்கம்மா." மாவ்ரா பிச்சா, உப்புல தொட்டா, தின்னா. முடிஞ்சுது! வீட்டு மனுஷி ஆயாச்சு. வயித்துக்குள்ள தணலை வெச்சுக்கிட்டுக் கொதிக்கிற பித்தளை சமோவார்லேருந்து உலீத்தா டீ ஊத்தினா. முட்டைக்கோஸ் பணியாரத்தை வெச்சா. மாவ்ரா ஒரு கடி கடிச்சு, கண்ணை மூடினா.

"நல்லா இருக்கு, உலீத்தா."

உலீத்தா தலைத்துணியால மொகத்தை மூடிக்கிட்டா.

வெளிய டொக் டொக் டொக் டொக்!

"யாருங்க?"ன்னா உலீத்தா.

"நான்தாண்டி! உன் புருஷன்!"

"கதவுக்கு வெளிய நிக்கிறவங்க விருந்தாளி. விருந்தாளியாத்தான் உள்ள வரணும். சரியா?"

"ச-ச-ச-சரி!" பல்லு தாளம் போடுது.

கட்டையை எடுத்தா. வாசப்படியில நின்னு தெரெந்தி கத்துறதுக்கு வாயைத் தெறந்தான். "வாசப்படில பேசக்கூடாதுங்க"ன்னா உலீத்தா. வாயை மூடிக்கிட்டு உள்ள வந்தான். தாடி முழுக்க பனி ஊசி. காது ரெண்டும் கேரட்டு.

மாவ்ரா பெஞ்சைக் காட்டினா. "வாங்கய்யா, வாங்க. மொதல்ல உக்காருங்க."

உக்காருங்க! அந்த வார்த்தையைக் கேட்டதும் தெரெந்தி அப்படியே செவத்தோட ஒட்டிக்கிட்டான்.

"மாட்டேன்! உக்காந்தா கெளம்பச் சொல்லுவீங்க! அம்மா, தாயே, உங்க கால்ல வேணா விழறேன், என்னை உக்காரச் சொல்லாதீங்க!"

வாசல்ல காத்து ஊஊஊன்னு அடிச்சுது. தான் அனுப்பின பண்டாரம், தகரக்காரன், மச்சான், மூணு பேரும் இதே காத்துக்குள்ளதானே போனாங்க? அது அப்பத்தான் அவனுக்கு உறைச்சுது.

"சரி, எதுக்குத் திரும்பி வந்தீங்க? எதை மறந்தீங்க?"ன்னு கேட்டா மாவ்ரா.

தெரெந்தி பூப்போட்ட துண்டைப் பார்த்தான். பிச்ச ரொட்டியைப் பார்த்தான். மெதுவா அதைத்தான் விரலால காட்டினான்.

"அப்போ, மறந்துட்டுத் திரும்பி வந்தா என்ன பண்ணணும்?"

தெரெந்தி கண்ணாடி முன்னாடி போனான். உறைஞ்ச தாடி, கேரட்டுக் காது, நடுவுல செவந்த மூக்கு. நாக்கை நீட்டினான். "ப்-ப்-ப்ளே!" அந்த மூஞ்சியப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்துருச்சு. உலீத்தா சிரிச்சா. மாவ்ராவுக்குச் சிரிச்சு சிரிச்சு டீ மூக்குல ஏறிருச்சு.

உலீத்தா ரொட்டியை நீட்டினா. தெரெந்தி பிச்சான், உப்புல தொட்டான், தின்னான். அப்புறந்தான் உக்காந்தான். மூணாவது பணியாரத்துல, இருவது வருஷக் கடனை அடைக்கிற மாதிரி ஒரே மூச்சுல சொன்னான்: "நல்லா இருக்கு உலீத்தா நல்லா இருக்கு உலீத்தா நல்லா இருக்கு!"

காத்து நிக்க மூணு நாளாச்சு. மூணு நாளும் மாவ்ரா அங்கதான். அதுக்கப்புறம் அந்த வழியாப் போறவங்க எல்லாம் தெரெந்தி வீட்டுக்கு வந்தாங்க, தின்னாங்க, போனாங்க. போகும்போது வேணும்னே ஒத்தைக் கையுறையை பெஞ்சுக்கு அடியில தள்ளி விட்டுட்டுப் போனாங்க. திரும்பி வரணும்ல? அந்தக் கையுறைக் குவியல்ல பூனை மூணு குட்டி போட்டுச்சாம். நான் பார்க்கல, ஆனா என்னோட ஒத்தைக் கையுறையும் அதுல எங்கயோதான் இருக்கு.

ஆகையால கேட்டுக்கோங்க: வாசலுக்கு வந்தவங்களை நீங்க எப்படி வரவேத்தீங்களோ, அப்படித்தான் ஒரு நாள் நீங்க வாசல்ல நிக்கும்போது உங்களையும் வரவேப்பாங்க.