வாழைப் பயிலரங்கில் உறங்காத பிற்பகல்

கோபி நகருக்குப் பக்கத்து மண்டபமொன்றில் முந்நூறு விவசாயிகளுக்கு வாழைப் பயிலரங்கு நடைபெற்றது. மதிய விருந்துண்டவர் யாவரும் உறங்கலாயினர். வகுப்பெடுத்த வேளாண் அதிகாரி மகுடபதி சினங்கொண்டு, மண்டபப் பணிப்பெண் பூவாத்தாளை அழைத்தார்.

"இனி ஒருத்தன் தூங்கினாலும் உனக்கு இங்க வேலை கிடையாது!"

"சரிங்கய்யா" என்றவள் மைக்கைப் பிடித்தாள். "ஏனுங்க, ஐயா இப்ப வேணும்னே தப்புத்தப்பாப் பேசுவாரு. கண்டுபிடிச்சவங்க கையைத் தூக்கிச் சொல்லோணும்!"

அரங்கமே நிமிர்ந்தமர்ந்தது. அதிகாரி தொடங்கினார்.

"வாலைக்கு உரம்..."

கைகள் உயர்ந்தன. "வாலை இல்லீங்க, வாழை!"

"பல்லம் தோண்டி..."

"பள்ளமுங்க!"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. மாலைவரை ஒருவரும் கண்ணயரவில்லை.

"நான் ஒரு பிலையும் பண்ணலையே!" என்று பூவாத்தாளிடம் குமுறினார் அதிகாரி.

"மெதுவாச் சொல்லுங்கய்யா" என்றாள் அவள். "வேணும்னே பண்ணுனீங்கன்னு எல்லாரும் நம்பிட்டிருக்காங்க."